தூளியில் ஏழு கிலோ இருநூறு

சேவூர்,
கார்த்திகை 21, புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாமா, ஓய்வுபெற்ற சப் போஸ்ட் மாஸ்டர் திரு. பரசுராமன் அவர்களுக்கு,

மருமகன் ராஜ்குமார் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், தறியும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தையும் சௌக்கியமா என்று கேட்பது என் கடமை, கேட்டுவிட்டேன். சுகன்யாவும் குழந்தை தெய்வநாயகியும் சௌக்கியம் என்பது தினமும் இரண்டு வேளை போனில் எனக்குத் தெரிந்துவிடுகிறது, ஆகவே அதை நீங்கள் பதிலில் எழுத வேண்டியதில்லை. அவர்களை எந்தக் கிழமை அனுப்பி வைப்பீர்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும். அதற்கு ஒரு அஞ்சலட்டையே தாராளம்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் கிசுகிசுக்கிறீர்கள், எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. நான் பேசினால் சத்தம் என்று வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் நான் பேசியது மொத்தமும் "மாமா" என்ற ஒரு வார்த்தைதான். அதுவுமில்லாமல் முப்பத்து நான்கு வருடம் தபால் இலாகாவில் இருந்தவர் நீங்கள். எதுவாக இருந்தாலும் எழுத்தில் கொடு என்று எங்கள் கல்யாணத்தன்று பந்தல்காரரிடம் நீங்கள் சொன்னதை நான் மாலையும் கழுத்துமாக நின்று கேட்டேன். அதனால் எழுத்தில் கொடுக்கிறேன்.

விஷயம் இதுதான். தலைப்பிரசவத்துக்கு சுகன்யாவை நீங்கள் அழைத்துப் போனது மாசியில். வைகாசியில் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாயிற்றே என்று நானும் வேட்டி கட்டிக்கொண்டு, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். ஆடி மாதம், காற்று, பச்சைக் குழந்தையை வாசல் தாண்ட விடக்கூடாது என்றீர்கள். நியாயம். ஐந்தாம் மாதம் மறுபடி அழைக்க வந்தேன். புரட்டாசி பிறந்துவிட்டது, மழை வரப்போகிறது, சளி பிடிக்கும் என்றீர்கள். அன்றைக்கு அடித்த வெயிலில் தார் ரோட்டில் என் செருப்பு ஒட்டிக்கொண்டது, இருந்தாலும் பெரியவர் சொல்லுக்கு நான் மறுபேச்சு பேசவில்லை. போன மாதம் வந்தபோது என்னை வாசலுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "கொழந்த ராத்திரில தூங்கவே மாட்டேங்குது மாப்ள. ராத்திரி நல்லா தூங்க கத்துக்கட்டும், அனுப்பிடறேன். உங்க வீட்ல தறி வேற ஓடிகினு இருக்கும். அந்த சத்தத்துல பெரியவங்களுக்கே தூக்கம் வராது" என்று காதோரம் சொன்னீர்கள். இன்னும் ஒரு வாரம், எட்டு நாளில் மார்கழி. மார்கழியில் நீங்கள் அனுப்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தையில் குழந்தைக்குப் பல் முளைக்கும், அதற்கும் உங்களிடம் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதனால்தான் இந்த அவசரம்.

மாமா, நான் குழந்தையைப் பார்க்க வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மழையில் மாட்டிக்கொண்ட நாளைக் கழித்துப் பார்த்தால் இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறேன். விடியற்காலை பைக்கை எடுத்து, வந்தவாசியில் ஒரு டீ குடித்து, தெள்ளார் வந்து, உங்கள் தெரு முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு அங்கிருந்து தள்ளிக்கொண்டு வருகிறேன், ஏனென்றால் வண்டிச் சத்தம் ஆகாது. காலிங் பெல்லின் ஒயரை நீங்கள் பிடுங்கிவிட்டதால் வாசலில் நின்று யாராவது பார்க்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். உள்ளே வந்தால் எல்லா ஜன்னலுக்கும் போர்வை போட்டிருக்கும். அத்தை சட்னி அரைக்க மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். திரும்பி வந்து, சாப்பிட வா என்பதைக் கையால் காட்டுவார்கள். நானும் கையால் போதும் என்பேன், அத்தை அதை இன்னும் போடு என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு தடவை பதினொரு இட்லி சாப்பிட்டிருக்கிறேன். குழந்தை தூளிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். நான் துணியை விலக்கப் போனால் பின்னாலிருந்து "ஷ்" என்று ஒரு சத்தம் வரும். அது நீங்கள். "இப்பத்தான் கண்ணு அசந்துச்சு. ராத்திரி முழுக்க முழிச்சிகினு இருந்துச்சு. எழுப்பிடாத" என்பீர்கள். நான் சாயந்திரம் நான்கு மணி வரை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் தறி இருப்பதால் கிளம்பி, வண்டியைத் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போவேன். சேவூர் வந்து சேரும்போது சுகன்யாவிடமிருந்து போன் வரும். "இப்பதாங்க முழிச்சா. சிரிச்சிகினு இருக்கா" என்பாள்.

இருபத்திரண்டு ஞாயிறும் இப்படித்தான். ஒரு முறை ராத்திரி தங்கிப் பார்த்துவிடலாம் என்று துணிந்து தங்கினேன். ஆனால் அன்று விடியற்காலையிலேயே எழுந்து வண்டி ஓட்டிய அலுப்பில் எட்டு மணிக்கே எனக்குக் கண் செருகி, குறட்டை வந்து, குழந்தை மிரண்டுவிடும் என்று நீங்கள் என்னைப் பாயோடு எழுப்பிப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டீர்கள். அங்கே மாடு என்னைவிட நன்றாகத் தூங்கியது. சுகன்யா போட்டோ அனுப்புகிறாளே என்று கேட்பீர்கள். அனுப்புகிறாள். போட்டோவில் நாயகி கண்ணைத் திறந்துகொண்டுதான் இருக்கிறாள், ஆனால் போனைப் பிடித்திருக்கிற சுகன்யாவைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. பெயர் வைத்த அன்று அரைக் கண்ணைத் திறந்து மூடியதோடு சரி. பெற்ற மகள் ஒரு தடவை கூடத் தன் அப்பன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை, மாமா. இதை நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, தறிச் சத்தம்தானே உங்களுக்குக் குறை, அதை ஒழித்துவிட்டால் மாமா வாய் திறக்க முடியாது என்று போன மாதம் ஊருக்குத் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தேன். நீங்கள் சின்ன வயதிலேயே தபால் இலாகாவுக்குப் போய்விட்டவர், தறி மறந்திருக்கும். ஊடு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு ஓடுகிற நாடா என்கிற கட்டை, இரண்டு பக்கமும் ஒரு பெட்டிக்குள் போய் முட்டும்போதுதான் பாதிச் சத்தம் வருகிறது. அந்தப் பெட்டிக்குள் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்துவிட்டால் சத்தம் செத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வைத்தேன். சத்தம் செத்தது உண்மை. ஆனால் ரப்பரில் முட்டிய நாடா பெட்டியில் நிற்காமல் திரும்பக் கிளம்பி, தறியில் விரித்திருந்த பாவு நூலைத் தாண்டி, என் காதைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவில் போய் மோதியது. நானும் சுகன்யாவும் தப்பித்துவிட்டோம். எங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற உங்கள் முகத்துக்கு நேராகத்தான் கண்ணாடி விரிசல் விட்டது. இது முழுக்கத் தற்செயல். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மூக்குக்குக் குறுக்கே சின்னதாக ஒரு கோடு, தள்ளி நின்று பார்த்தால் தெரியாது.

ரப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுத்ததாக வீட்டிலிருந்த நான்கு ஜமுக்காளத்தையும் தறியைச் சுற்றிக் கட்டினேன். சத்தம் குறைந்தது, வெளிச்சமும் குறைந்தது. பச்சைக் கரை போட வேண்டிய சேலையில் ஒரு முழம் நீலக் கரை போட்டுவிட்டு, மறுபடி பிரித்து நெய்ய இரண்டு நாள் ஆனது. அதோடு விட்டேனா என்றால் இல்லை. தெருவில் மற்ற வீட்டிலும் தறி இருக்கிறதே, அவர்கள் சத்தம் கேட்குமே என்று வீடு வீடாகப் போய், கொஞ்சம் மெதுவாக நெய்யுங்கள், என் குழந்தை வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். எதிர்வீட்டு அன்பரசு தறியிலிருந்து எழுந்து வந்தே கேட்டான்.

"உன் கொழந்த இன்னும் ஊருக்கே வர்ல. அதுக்குள்ள தெருவயே தூங்க சொல்றியா?"

"வந்ததுக்கு அப்புறம் சொன்னா லேட்டாயிடும்டா."

"பேஜார் புடிச்சவண்டா நீ. போய் உன் மாமனார்கிட்ட சொல்லு, அவரு கேப்பாரு."

அவன் சொன்னதும் சரிதான் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த நிலைமையில்தான் நர்ஸ் தமிழ்ச்செல்வி அக்கா எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி கணக்கெடுக்க வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், பத்து வருடமாக இந்தப் பக்கத்துக் குழந்தைகள் அத்தனையும் அவர் கையில் ஊசி போட்டுக்கொண்டவை. அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். பகலில் நீங்கள் போர்வை போட்டு இருட்டாக்குவது, மிக்ஸியை மூன்றாம் வீட்டுக்கு அனுப்புவது, எல்லாரும் கையால் பேசுவது, எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஒரு பெரியவர் என்று மட்டும் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டு வெகு நேரம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

"பகல ராத்திரி மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க. அப்புறம் கொழந்தைக்கு எப்பிடி தெரியும், எது பகல், எது ராத்திரின்னு?" என்றார். "பகல்ல ஜன்னல தெறந்து வுடு. பேசு, வேல செய், மிக்ஸி ஓடட்டும், ஒண்ணும் ஆவாது. அந்த சத்தத்துலயே குட்டித் தூக்கம் தூங்கி எழுந்துக்கும். பொழுது சாஞ்சா மட்டும் எல்லாத்தயும் கொறச்சிடணும். தெனமும் ஒரே நேரம், ஒரே மாதிரி. வெதவெதன்னு தண்ணில ஒடம்ப தொடச்சி, துணி மாத்தி, பால் குடுத்து, லைட்ட கொறச்சி, ஒரே பாட்டு. கண்ணு சொக்கும்போதே படுக்க வெச்சிடு, மடியில தூங்க வெச்சி அப்புறம் எறக்காத. ராத்திரி சிணுங்கினா ஒடனே ஓடாத, கொஞ்சம் பொறுத்துப் பாரு. பசிக்குதுன்னா பால் குடுத்துட்டு, பேச்சு கீச்சு குடுக்காம மறுபடி படுக்க வெச்சிடு. ரெண்டு மூணு வாரத்துல தானா பழகிக்கும்."

நான் இதையெல்லாம் பழைய டிசைன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"கொழந்த எங்க?"

"தெள்ளார்ல."

"அவங்க அம்மா?"

"அவளும் தெள்ளார்ல."

"அப்ப யாருக்கு இவ்ளோ எழுதிகினு இருக்க?"

இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன்.

அன்று முதல் பழகிக்கொள்ள ஆரம்பித்தேன். குழந்தை வந்த பிறகு பழகுவது தப்பு, வருவதற்கு முன்பே கை தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். போன மாதம் குழந்தையின் எடை ஏழு கிலோ இருநூறு என்று சுகன்யா கார்டைப் பார்த்துச் சொன்னாள். தலையணை உறையில் அரிசியைக் கொட்டி, முதலாளி புதிதாகக் கொடுத்த பட்டுப் பாவு நூலை வெள்ளைத் துணியில் சுற்றித் தலை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக் கட்டி, மளிகைக்கடைத் தராசில் நிறுத்தேன். ஏழு கிலோ நூற்றெண்பது வந்தது, ஒரு பிடி அரிசி சேர்த்துச் சரி பண்ணினேன். தலைக்கு ஏன் பட்டு என்றால், குழந்தையின் கழுத்துக்கு அடியில் கை கொடுக்கும்போது கை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்று அரிசி சொல்லிக் கொடுக்காது, பட்டு சொல்லிக் கொடுக்கும். சுகன்யாவின் பழைய வாயில் புடவை ஒன்று பீரோவில் இருந்தது. அதை உத்தரத்தில் கட்டித் தூளி போட்டேன். தினமும் ஆறரைக்குத் தறியை நிறுத்துவேன். ஏழு மணிக்கு ஈரத்துணியால் தலையணை உறையைத் துடைப்பேன். பால் மட்டும் கொடுக்க முடியாது, அதற்குப் பதில் நான் ஒரு டம்ளர் குடிப்பேன். லைட்டைக் குறைத்து, மடியில் வைத்துக்கொண்டு பாடுவேன். பாட்டு நானே கட்டியது, உங்கள் பெயரும் ஒரு அடியில் வருகிறது, மரியாதையாகத்தான். ஏழரைக்குத் தூளியில் போட்டுவிட்டு, அடி மேல் அடி வைத்து வெளியே வந்துவிடுவேன்.

பக்கத்து வீட்டு பாஞ்சாலை அக்கா, சுகன்யா போன பிறகு எனக்கு நாடாவுக்குள் வைக்கிற நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவர், ஒருநாள் சீக்கிரமே வந்து இதைப் பார்த்துவிட்டார். வாசற்படியிலேயே நின்று பாட்டு முடிகிற வரை கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய், ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் தெருவில் எல்லாரும் என்னிடம் ரொம்ப அன்பாகப் பேசினார்கள். அன்பரசு கூடத் தறியை மெதுவாக ஓட்டினான்.

மூன்றாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் குழந்தை கனமாக இருந்தது. துணியை விலக்கினேன், பூனை. தெருவில் திரிகிற சாம்பல் பூனை ஒன்று, கருவாட்டு வாசனைக்கு உள்ளே வந்து, தூளிக்குள் ஏறி, பாவின் மேல் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறது. விரட்டினேன். சாயந்திரம் ஏழு மணிக்குப் பாட்டு ஆரம்பித்ததும் திரும்ப வந்தது. தமிழ்ச்செல்வி அக்கா சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை, மாமா. ராத்திரி முழுக்க ஓட்டின் மேல் கத்திக்கொண்டு திரிந்த அந்தப் பூனை ஒரே வாரத்தில் ஏழரைக்குப் படுத்து விடியற்காலை ஆறு மணிக்கு எழப் பழகிவிட்டது. முறை சரியான முறை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இதை எழுதும்போதே உங்கள் பேத்தியைப் பூனையோடு சேர்க்கிறேன் என்று கோபம் வரும். மன்னிக்க வேண்டும், கையில் இருக்கிற அத்தாட்சி அது ஒன்றுதான்.

ஆனால் பூனைக்கு நகம் இருக்கிறது, பாவு பட்டுப் பாவு. இதை நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை எங்கள் முதலாளி பாலு, அந்தப் பாவு இன்னும் தறியில் ஏறவில்லையா என்று பார்க்க ஏழு மணிக்கு வந்தார். வீடு இருட்டாக இருந்தது. நான் மடியில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொழந்த வந்துடுச்சா? சொல்லவே இல்லியே. தூங்கிகினு இருக்குதா? முகத்த காட்டு."

நான் காட்டவில்லை. அவரே துணியை விலக்கினார். முதலில் பூனை எழுந்து போனது. அதன் கீழே அவருடைய பாவு இருந்தது. அவர் பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாவைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நகம் பட்டு அறுந்த இழை ஒன்றை விரலில் எடுத்துப் பார்த்தார்.

"ராஜ்குமாரு, ஜல்தியா போய் பொண்டாட்டி புள்ளய கூட்டிகினு வா. எனக்கு வேற பாவு இல்ல" என்றார்.

அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிணைத்து முடிக்க எனக்கு நேற்று வரை ஆகிவிட்டது. அந்த வேலையில் கை மட்டும்தான் வேலை செய்யும், மனசு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற மனசு தெள்ளாருக்குப் போய்விடுகிறது.

இப்போது உங்களுக்கு என் விண்ணப்பம். இங்கே காலை ஏழு மணிக்குத் தெரு முழுக்கத் தறி ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் யாரும் இதை ராத்திரி என்று சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால் என் தறி நின்றுவிடும், எட்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில் நாய் கூட யோசித்துத்தான் குரைக்கும். பகல் எது, ராத்திரி எது என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க ஆரணி வட்டாரத்தில் தறி வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. எதைக் காரணம் காட்டி நீங்கள் அனுப்ப மறுத்தீர்களோ, அந்தத் தறிதான் மாமா அவளைத் தூங்க வைக்கும். உங்கள் மேல் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நீங்கள் அவளுக்காகக் கோழியை விரட்டினீர்கள், வாசலில் ஹாரன் அடிக்காதீர்கள் என்று பஸ் டிரைவர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டீர்கள். இத்தனை பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதே பாசம் இந்தப் பக்கத்திலும் ஒருவனுக்கு இருக்கிறது, அவன் பாசத்துக்கு ஆள்தான் இல்லை.

கடைசியாக ஒன்று எழுதுகிறேன், இதை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். தினமும் காலையில் டீ போட்டு இரண்டு டம்ளர் எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். ஒன்பது மாதமாகியும் கைக்கு அது பழகவில்லை. சுகன்யா இல்லாமல் இந்த வீடு எனக்கு வீடாக இல்லை. கரை நன்றாக விழுந்தால் திரும்பிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன், பின்னால் பாஞ்சாலை அக்கா ராட்டையை நிறுத்திவிட்டு, நல்லா இருக்குதுப்பா என்கிறார். அவர் நல்லவர். ஆனாலும் அவர் சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை, வந்தாலும் யாரோ அழுவது போல இருந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ராத்திரி தூங்கக் கற்றுக்கொள்ள வேண்டியது குழந்தை மட்டும் இல்லை, மாமா.

மார்கழி பிறப்பதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள். வண்டி வைத்துக்கொண்டு நானே வருகிறேன், தெரு முனையிலிருந்து தள்ளிக்கொண்டு வரச் சொன்னாலும் வருகிறேன். அத்தை கெங்கம்மாள் அவர்களுக்கு என் நமஸ்காரம், கை ஜாடையில் அல்ல, வாயாலேயே. சுகன்யாவுக்கு என் அன்பு. நாயகி கண் விழித்திருக்கிற நேரமாகப் பார்த்து, அவள் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் எங்கள் மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத மருமகன்,
ராஜ்குமார்.

பின்குறிப்பு: இது வெள்ளிக்கிழமை விடியற்காலை எழுதுவது. மேலே உள்ள எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். நேற்று சாயந்திரம் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நீங்களே இறங்கினீர்கள், தோளில் குழந்தை, பின்னால் சுகன்யாவும் மூன்று பையும். நான் வாயைத் திறப்பதற்குள் "ஷ்" என்றீர்கள். பகலெல்லாம் இரண்டு பஸ்ஸிலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்தவள் இப்போதுதான் தூங்கினாள் என்றீர்கள். "ஆறு மாசமா நான் தூங்கல மாப்ள. என்னால முடியல. இனிமே நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, காபி கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் திரும்பிப் போய்விட்டீர்கள். ராத்திரி பஸ்ஸில் நீங்கள் தூங்கிப் போய், தெள்ளாரைத் தாண்டித் திண்டிவனத்தில்தான் கண்டக்டர் எழுப்பினார் என்று அத்தை போனில் சொன்னார்கள். சத்தமாகவே சொன்னார்கள், கேட்க சந்தோஷமாக இருந்தது.

குழந்தை அப்படியே தூங்கினாள். ஒன்பது மணி ஆனது, தூங்கினாள். சுகன்யாவும் தூங்கிவிட்டாள். பன்னிரண்டு ஆனது, ஒரு சிணுங்கல் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆனது. எழுதி வைத்த அத்தனையும் எனக்குத் தெரியும், சிணுங்கினாலே ஓடக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. ஆனால் அவள் சிணுங்கக் கூட இல்லையே. மூன்றரை மணிக்கு மேல் என்னால் முடியவில்லை, மாமா. லைட்டைப் போட்டு, அவள் உள்ளங்காலில் ஒரு விரலை வைத்தேன். சுகன்யா உங்களிடம் போனில் சொல்வதற்கு முன்பு நானே எழுத்தில் ஒப்புக்கொள்வதற்காகத்தான் இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்: நேற்று ராத்திரி குழந்தை விடியும்வரை தூங்கியிருப்பாள், நான்தான் எழுப்பிவிட்டேன். இதோ இன்னும் தூங்கவில்லை, சுகன்யா என்னோடு பேசவில்லை. ஆனால் நாயகி கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சுகன்யாவின் கண்ணும் இல்லை, என் கண்ணும் இல்லை. உங்கள் கண், மாமா, அதே முறைப்பு.